அரையாண்டு விடுமுறையில் டெல்லியா, ஜெய்ப்பூரா? சிறு குழந்தைகளோடு ஒரு குளிர்கால நகரப் பயணம்

பென்னாகரம் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், அதாவது டிசம்பர் கடைசி வாரத்தில், வட இந்திய நகரம் ஒன்றில் நான்கைந்து நாட்கள் குடும்பத்தோடு தங்கிவர எண்ணியிருக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு இரண்டரை வயது. முழங்கால் வலியுள்ள என் மாமியாரும் உடன் வருகிறார். பிள்ளைகளுக்கு டெல்லியைக் காட்ட வேண்டும் என்பது கணவரின் விருப்பம். எனக்கோ, செய்திகளில் பார்க்கும் மூடுபனியையும் புகையையும் நினைத்தால் தயக்கமாக இருக்கிறது.

ஏற்காட்டுக் குளிரைத் தவிர வேறு குளிர் அறியாத குழந்தைகளை 7, 8 டிகிரிக்கு இறங்கும் ஊருக்கு அழைத்துப் போவது சரிதானா, போனால் ஒரு நாளில் எவ்வளவு சுற்றலாம், அறை எடுக்கும்போது எவற்றைக் கேட்க வேண்டும், கம்பளி உடைகளை இங்கே வாங்குவதா அங்கே வாங்குவதா என்பவை என் கேள்விகள். ஆக்ராவையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று பயண முகவர் ஒருவர் சொல்கிறார், அது நடக்கக்கூடியதா? பொங்கல் விடுமுறைக்குத் தள்ளிப்போட வழியில்லை. பொங்கலன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு அத்தை ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

கிருஷ்ணகிரி அணைக்கரை எழுதியது:

வணக்கம் சகோதரி. வேலை நிமித்தமாகப் பல ஆண்டுகள் டெல்லியில் குடும்பத்தோடு இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவன் என்ற முறையில் எழுதுகிறேன். டெல்லிக் குளிர் குழந்தைகளால் தாங்க முடியாத குளிர் அன்று. அங்கே பிறந்த பிள்ளைகள் அதே குளிரில்தான் வளர்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் அவதிப்படுவதற்குப் பெரும்பாலும் அவர்கள் போட்டுக்கொள்ளும் கால அட்டவணையே காரணம். விடியற்காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி, நாளுக்கு நான்கு இடம் என்று ஓடி, இரவு 9 மணிக்கு அறைக்குத் திரும்பும் சுற்றுலா முறை அந்தப் பருவத்துக்குச் சிறிதும் பொருந்தாது.

டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிக்கவே 7 மணிக்கு மேல் ஆகிவிடும். மூடுபனி விலகி வெயில் உறைக்க 10, 11 மணி ஆகலாம். சில நாட்களில் விலகாமலேயே போவதும் உண்டு. மாலை ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்து, அதன் பிறகு வெப்பநிலை விறுவிறுவென்று இறங்கும். ஆகவே குழந்தைகளுக்கு உரிய நேரம் ஏறத்தாழ 11 முதல் 4 வரைதான். அதற்குள் ஓர் இடம், ஒரு மதிய உணவு, புல்வெளியில் சற்று ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் களைப்பு வராது. மகளுக்கும் மகனுக்கும் ஒருசேரப் பிடிக்கும் இடம் சாணக்யபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம். பழைய நீராவி எஞ்சின்கள் திறந்த வெளியில் நிற்கின்றன. பிள்ளைகளுக்கான சிறு ரயிலும் ஓடுகிறது. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை, செங்கோட்டைக்கும் அப்படியே; விலங்குக் காட்சிசாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கும் சுந்தர் நர்சரி, குளிர்கால வெயில் காய்வதற்கென்றே அமைந்ததுபோன்ற தோட்டம். அத்தை உட்கார்ந்திருக்கலாம், பிள்ளைகள் ஓடலாம். மெட்ரோ ரயிலில் ஏறி இறங்குவதே இரண்டரை வயதுக்குப் பெரிய காட்சி; 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்குச் சீட்டும் வேண்டாம். ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் முருகனைக் கும்பிட வேண்டும் என்று அத்தை விரும்பக்கூடும். படிகள் உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அறையைப் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. அந்த ஊர்க் கட்டடங்கள் 45 டிகிரிக் கோடையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. தரை பளிங்கு, சுவர் கனம். அறையைச் சூடாக்கும் நிரந்தர ஏற்பாடு சாதாரண விடுதிகளில் இருக்காது. நண்பகலில் வெளியே வெயிலில் நிற்பதைவிட அறைக்குள் உட்கார்ந்திருப்பது அதிகக் குளிராக இருக்கும் என்பது நம்மவர்களுக்கு அங்கே போன பிறகே தெரிகிறது. எனவே விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது, அறைக்கு ஹீட்டர் தருவார்களா, வாடகை தனியா, அல்லது ஏ.சி.யிலேயே சூடான காற்று வருமா என்று கேளுங்கள். சிவந்த கம்பி தெரியும் ஹீட்டரைக் குழந்தை இருக்கும் அறையில் வைக்காதீர்கள். எண்ணெய் நிரப்பிய ஆயில் ஹீட்டராகக் கேட்டு வாங்குங்கள். கீஸர் எத்தனை லிட்டர் என்பதையும் கேளுங்கள், ஏனெனில் 3 லிட்டர் கீஸரில் ஐந்து பேர் குளித்து முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். மலிவான சில இடங்களில் கரி அடுப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். மூடிய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. வட மாநிலங்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதனால் உயிர்கள் போகின்றன. எவ்வளவு குளிரினாலும் அதை மட்டும் மறுத்துவிடுங்கள்.

ஆக்ராவை விட்டுவிடுங்கள். ஒரு வழிக்கே 200 கிலோமீட்டருக்கு மேல். மூடுபனிக் காலத்தில் யமுனை விரைவுச் சாலையில் வேக வரம்பையே குறைத்துவிடுவார்கள். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பினால்தான் அது ஒருநாள் பயணமாகும். அப்படிப் போய்ச் சேர்ந்தாலும் காலையில் தாஜ்மகால் பனிக்குள் மறைந்திருக்கலாம், வெள்ளிக்கிழமையானால் திறந்திருக்கவே இருக்காது. அந்த முகவர் குழந்தைகளோடு போனவராகத் தெரியவில்லை.

டெல்லிக்கு எதிராக நியாயமாகச் சொல்லக்கூடிய ஒன்று காற்று. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதற்கு மூடிபோல் அமைந்துவிடுவதால், வண்டிப் புகையும் தூசியும் கலைய வழியில்லாமல் நகரத்துக்குள்ளேயே நிற்கின்றன. காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் மிக மோசம், 400-ஐத் தாண்டினால் தீவிரம் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. டிசம்பர் கடைசியில் 300-க்கு மேல் போவது அரிதன்று. உங்கள் குழந்தைகளில் யாருக்காவது வீசிங் தொல்லை உண்டு என்றால், நான் சொன்ன இடங்கள் அனைத்தையும் மறந்துவிட்டு வேறு ஊரைப் பாருங்கள்.

ஊத்தங்கரை ஆசிரியர் எழுதியது:

அணைக்கரை ஐயா சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் கடைசியில் சொன்னதை முதலில் வைத்துப் பார்த்தால் ஜெய்ப்பூர்தான் பொருத்தம். இரவுக் குளிர் டெல்லியைப் போன்றே 8 டிகிரி வரை இறங்கினாலும், பகலில் 22 டிகிரி வரை ஏறும், வெயிலும் கூடுதலாகக் கிடைக்கும், காற்றும் ஒப்புநோக்கத் தெளிவாக இருக்கும். 1727-இல் திட்டமிட்டுக் கட்டப்பட்ட பழைய நகரத்துக்குள் அரண்மனை, ஹவா மகால், ஜந்தர் மந்தர் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜந்தர் மந்தரைக் கட்டாயம் காட்டுங்கள். அங்குள்ள சாம்ராட் யந்திரம் ஏறக்குறைய 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரம். அதன் நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்கிறது. நிழலின் விளிம்பில் விரலை வைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் நிழல் விரலைத் தாண்டிப் போவதைப் பிள்ளையே பார்த்துவிடும். அது காட்டும் நேரம் நம் கைக்கடிகாரத்தைவிட அரை மணி நேரம் அளவுக்குப் பின்தங்கியிருப்பது ஏன் என்று அவள் கேட்டால், அந்த ஊரின் சூரியனுக்கும் நாடு முழுவதற்கும் பொதுவான நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. மூடிய டெல்லி வானத்தின் கீழ் இந்தப் பாடம் நடக்காது. ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தில் எகிப்திய மம்மி ஒன்று இருக்கிறது. பெரியவள் விழி விரிப்பாள், சின்னவன் அழவும் கூடும்.

ஆமேர் கோட்டை நகரத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். மேலே ஜீப்பில் போக முடியும் என்றாலும் உள்ளே ஏற்ற இறக்கங்கள் அதிகம். அத்தைக்கு முதல் முற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள், கற்பாவிய தரையில் சக்கரம் உருளாது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஜெய்ப்பூரில் கூட்டம் நெரியும், அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். பொங்கல் சமயத்தில் போனால் மகர சங்கராந்திப் பட்டத் திருவிழாவை மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம். நீங்கள்தான் வழியில்லை என்கிறீர்கள்.

பாலக்கோடு மாந்தோப்பு எழுதியது:

இவ்வளவு ஏற்பாடும் பதற்றமும் எதற்கு? ஊட்டிக்குப் போனால் ஒரே பகலில் சேர்ந்துவிடலாம், குளிரும் கிடைக்கும், இட்லியும் கிடைக்கும்.

ஊத்தங்கரை ஆசிரியர் எழுதியது:

ஊட்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து வாகனத்துக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், அதே வாரத்தில் மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இவர்கள் கேட்டது நகரம். மலைவாசஸ்தலத்தைப் பற்றி வேறு இழையில் பேசலாம்.

பென்னாகரம் வாசகி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மகனுக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் நெஞ்சில் சளி கட்டி மூச்சிரைப்பு வருவதுண்டு. அணைக்கரை அண்ணன் காற்றைப் பற்றி எழுதியதைப் படித்ததும் கணவரும் டெல்லியைக் கைவிடச் சம்மதித்துவிட்டார். ஜெய்ப்பூர் என்று முடிவு செய்திருக்கிறோம். உடை, மருந்து, சாப்பாடு ஆகியவற்றைப் பற்றி யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அரூர் செவிலி எழுதியது:

குழந்தைகள் பிரிவில் பணிபுரிகிறேன். மூச்சிரைப்பு வரும் பிள்ளை என்பதால், கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே உங்கள் குழந்தை மருத்துவரைப் பார்த்து, இன்ஹேலர் தேவையா, தேவையென்றால் முகமூடி பொருத்திய ஸ்பேசரோடு எப்படிக் கொடுப்பது என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். இரவு 11 மணிக்கு அறியாத ஊரில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. காய்ச்சல் மருந்தின் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. தற்போதைய எடைக்கு எத்தனை மில்லி என்பதைப் புட்டியின் மீதே எழுதி ஒட்டிவிடுங்கள்.

உடையைப் பொறுத்தவரை, ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். உள்ளே உடலோடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் முழுக்கைச் சட்டை, வெளியே காற்றுப் புகாத ஜெர்கின். வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் ஓடியாடி வியர்த்த பனியன் ஈரத்தோடு இருந்தால் மாலையில் அதுவே உடம்பைக் குளிர்வித்துவிடும். மாற்றுப் பனியன் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். தெர்மலையும் காலுறைகளையும் ஓசூரிலோ பெங்களூருவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். போய் இறங்கும் முதல் இரவுக்கே அவை வேண்டும். ஜெர்கினும் குல்லாவும் அங்கே மலிவாகக் கிடைக்கும்.

உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் தோல் பரப்பு நம்மைவிட அதிகம். ஆகவே சூட்டை விரைவாக இழக்கிறார்கள். நடக்கும் பிள்ளையைவிட இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கே முதலில் குளிரும் என்பதைப் பெற்றோர் பலரும் கவனிப்பதில்லை: தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு வியர்க்கும், தொங்கும் கால்கள் சில்லிட்டிருக்கும். உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், பிடரியில் கைவைத்துப் பாருங்கள். குறும்பு செய்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகித் தூங்கி வழிந்தால் உடனே உள்ளே அழைத்துப் போய்ச் சூடாக ஏதாவது கொடுங்கள். குளிரில் தாகம் தோன்றாது, சிறுநீரோ அடிக்கடி வரும்; கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வோர் இடத்திலும் நுழைந்தவுடன் விசாரித்துவிடுங்கள். இரவுக்கு டயப்பர் போடும் பழக்கம் விட்டுப்போயிருந்தாலும் அந்த நாட்களில் போட்டுவிடுவது நல்லது.

குளியலை மதியத்துக்கு மாற்றுங்கள், தினமும் தலைக்கு ஊற்ற வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் குறுகிய வாய்ப் புட்டியில் கொண்டுபோனால் ஒரு சொட்டும் வெளியே வராது. அகன்ற வாய் டப்பாவில் கொண்டுபோங்கள்.

கிருஷ்ணகிரி அணைக்கரை எழுதியது:

ஜெய்ப்பூர் நல்ல முடிவு. பெங்களூருவிலிருந்து நேரடி விமானம் உண்டு. மகனுக்கு இரண்டு வயது கடந்துவிட்டதால் மடியில் வைத்துக்கொள்ள முடியாது, தனி இருக்கைச் சீட்டு எடுக்க வேண்டும். இரு குழந்தைகளின் ஆதாரையும் எடுத்து வையுங்கள். விலை குறைவு என்று விடிகாலை விமானத்தைப் பிடிக்காதீர்கள். தருமபுரியிலிருந்து தேவனஹள்ளி வரை போக நள்ளிரவில் கிளம்ப நேரும். வடக்கே பனி கடுமையாக இருக்கும் நேரமும் அதுவே. நண்பகலை ஒட்டிப் போய் இறங்கும் விமானமாகப் பாருங்கள். அந்த வாரத்தில் அத்திப்பள்ளியிலிருந்து ஹெப்பாளம் வரை நெரிசல் எப்படி இருக்கும் என்பது ஓசூர் சாலையில் போகிறவர்கள் அனைவருக்கும் தெரியும்; வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே கிளம்புங்கள்.

சாப்பாட்டுக்கு, வறுத்து அரைத்த சத்துமாவும் ராகி மாவும் சிறிது எடுத்துப் போங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய கஞ்சி எந்த ஊரிலும் வயிற்றைக் கெடுக்காது. விடுதி அறையிலுள்ள கெட்டிலில் மாவையோ பாலையோ ஊற்றினால் அடிபிடித்துக் கெட்டில் கெட்டுவிடும். தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து, கரைத்த ராகி மாவை அடுப்பில் காய்ச்சித் தரும்படி விடுதிச் சமையலறையில் கேளுங்கள், சத்துமாவை வெந்நீரிலேயே கலந்துவிடலாம். அங்கே கிடைக்கும் பாசிப்பருப்புக் கிச்சடி காரமில்லாமல் இருக்கும். கம்பு ரொட்டி அத்தைக்குப் பிடித்துப்போகும்.

திரும்பும் விமானத்தைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய நாளில் வைக்காதீர்கள். பனியால் ஒரு விமானம் தாமதமானால் அதைத் தொடர்ந்து போக வேண்டியவையும் மாலை வரை தாமதமாகும். இடையில் ஒரு நாள் இருந்தால் துணி துவைக்கவாவது பயன்படும்.