எச்3என்2 ஃப்ளூ வைரஸ் வளர்ந்திருக்கு, ஆனா கோழி ரத்தத்தில் டைட்டர் வரலையே?

கேள்வி:
எம்டிசிகே (நாய்ச் சிறுநீரக) செல்லில் எச்3என்2, இரண்டாம் பாசேஜ் (இரண்டாம் முறை வளர்ப்பு). செல்கள் உருண்டு கழன்றுவிட்டன, பிசிஆரும் பாசிட்டிவ். ஆனால் 0.5% கோழிச் சிவப்பணு போட்டால் எல்லாக் குழியிலும் பட்டன்தான், அதாவது அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடியில் குவிந்துவிட்டன. அதே தட்டில் எச்1என்1 கன்ட்ரோல் டைட்டர் 64 காட்டுகிறது (64 மடங்கு நீர்த்தாலும் அணுக்களை ஒட்டவைக்கிறது). வைரஸ் செத்துவிட்டதா?

பதில் 1:
வைரஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ரத்தம்தான் தோதில்லை. வைரஸின் மேலிருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதத்தின் தலையிலுள்ள சின்னப் பள்ளம்தான் செல்லின் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடிப்பது. 1968இல் மனிதருக்கு வந்த எச்3 ஹீமக்ளூட்டினினின் அமினோ அமில வரிசையில் 226ஆம் இடத்தில் லூசின், 228இல் செரின். அதனால் நம் மூச்சுக்குழலில் நிறைய இருக்கும் ஆல்ஃபா 2,6 இணைப்புள்ள சியாலிக் அமிலம் அதற்கு வாகு. கோழிச் சிவப்பணுவையும் அன்று பிடித்தது. பிறகு பள்ளத்தைச் சுற்றி அமினோ அமிலங்கள் மாறி, தலைமேல் சர்க்கரைச் சங்கிலிகளும் கூடி, 1990களிலேயே அந்தப் பிடி விட்டுப்போனது.

கினி பன்றிச் சிவப்பணுவுக்கு மாறுங்கள்: 0.75%, யு வடிவக் குழி, 1 மணி நேரம். அது பட்டனாக இறங்காது, வளையமாகப் படியும். வளையம் என்றால் நெகட்டிவ். இதில்தான் பலரும் ஏமாறுவது.

கேட்டவர்:
நன்றி. கினி பன்றியில் 32 வந்தது. ஆனால் எச்ஐ சோதனையில் (ஆன்டிபாடி அந்த ஒட்டலைத் தடுக்கிறதா என்று பார்ப்பது), தெரிந்த வகைகளுக்கு எதிரான எந்த ஃபெரட் (கீரி போன்ற ஆய்வக விலங்கு) சீரமும் தடுக்கவில்லை. புது வகையோ?

பதில் 2:
அவசரப்படாதீங்க. ஒட்டுவது வைரஸின் இன்னொரு மேற்பரப்புப் புரதமான, சியாலிக் அமிலத்தை வெட்டும் நியூராமினிடேஸாக இருக்கலாம். எம்டிசிகேயில் வளரும்போது அதன் 151ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலம் கிளைசினாகவோ அஸ்பராஜினாகவோ மாறுவதுண்டு. வெட்டவேண்டிய நொதி பிடித்துக்கொண்டு நிற்கும். ஹீமக்ளூட்டினினுக்கு எதிரான ஆன்டிபாடி அதை என்ன செய்யும்?

நியூராமினிடேஸை அடைக்கும் மருந்தான ஓசல்டமிவிர் கார்பாக்சிலேட்டை 20 நானோமோலார் சேர்த்து டைட்டரை மறுபடி பாருங்கள். 32 என்பது 2க்கு விழுந்தால் குற்றவாளி அதுதான். கேப்ஸ்யூலில் வரும் பாஸ்பேட்டைக் கரைத்து ஊற்றவேண்டாம். உடலின் எஸ்டரேஸ் வெட்டினால்தான் அது வேலை செய்யும் வடிவத்துக்கு வரும். எச்ஐக்கு வேண்டிய வைரஸ் அளவான, 25 மைக்ரோலிட்டருக்கு 4 ஒட்டல் யூனிட் கணக்கையும் மருந்து இருக்கும்போதே போடுங்கள். டைட்டர் 8க்குக் கீழே என்றால் எச்ஐயை விட்டுவிட்டு நியூட்ரலைசேஷனுக்கு (ஆன்டிபாடி தொற்றையே தடுக்கிறதா என்று பார்ப்பது) போவதே மேல்.

பதில் 3:
அடுத்த முறை ஆல்ஃபா 2,6 அதிகமுள்ள எம்டிசிகே-சியாட்1 செல்லில், குறைந்த பாசேஜில் வளர்த்துப் பாருங்கள். நோயாளியிடம் எடுத்த ஸ்வாபையும் வளர்த்த வைரஸையும் சேர்த்தே சீக்வென்ஸ் செய்யுங்கள். நியூராமினிடேஸின் 151ஆம் இடம் ஸ்வாபில் மாறாமல் இருந்தால் மாற்றம் செல்லில் வந்தது. டைட்டர் ஏறட்டும் என்று கோழிமுட்டையில் வளர்க்க மட்டும் போகாதீர்கள். அங்கே ஹீமக்ளூட்டினினின் 160இல் திரியோனின் லைசினாக மாறினால், 158இல் இருந்த சர்க்கரை போய்விடும். டைட்டர் கிடைக்கும், ஆனால் அது ஊரில் சுற்றும் வைரஸ் இல்லை.