கம்பைக் கண்டால் நடுங்குகிறவனை வீட்டுக்குக் கூட்டி வரலாமா?

உச்சிப்புளியிலிருந்து:

மதுரைப் பக்கம் ஒரு நாய்க் காப்பகத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். செவலை, மூஞ்சி மட்டும் கறுப்பு. பல்லைப் பார்த்து நான்கு வயது இருக்கும் என்கிறார்கள். காது நுனியில் கருத்தடைக்கு அடையாளமான வெட்டு இருக்கிறது, ஆகவே அது முடிந்துவிட்டது. குட்டியில் யாரோ கழுத்தில் கட்டிய நைலான் கயிறு, வளர்ந்த பிறகும் அவிழ்க்கப்படாமல் தோலுக்குள் புதைந்திருந்ததாம். அந்த இடத்தில் இன்றும் முடி முளைக்கவில்லை. விளக்குமாற்றோடு கூண்டுக்குள் போன ஒருவரின் கையை ஒருமுறை கடித்திருக்கிறான். அட்டையில் 'கடிக்கும்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்.

என்னிடம் இரண்டாவது தடவையே வந்து கையை முகர்ந்தான். மனது அங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் வீட்டில் ஆறு வயது மகள் இருக்கிறாள், ஊன்றுகோல் இல்லாமல் எழுந்திருக்க முடியாத அம்மா இருக்கிறார். இப்படி ஒரு நாயை எடுத்தவர்கள், எடுக்காமல் விட்டவர்கள், இருவருமே நடந்ததைச் சொல்லுங்கள். 'பாவம், எடுத்துக்கோங்க' என்பதை மட்டும் வேண்டாம். அதை நானே எனக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டேன்.

பாம்பனிலிருந்து:

நான் எடுத்தவன். நாலு வருஷமாகிறது. முதல் மூன்று நாள் கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில் போய்ப் படுத்தவன்தான். சோறு வைத்தால் நாங்கள் தூங்கிய பிறகு தின்பான். மூன்று நாளில் பயம் அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில்தான் நம் வீடு என்று நினைக்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். என் ஆளுக்கு மூன்று மாதம் போதவில்லை. பத்து மாதம் கழித்துத்தான் மல்லாந்து படுத்தான்.

என் வீட்டுச் சிக்கல் கம்பு இல்லை, மீன் தலை. வாயில் ஒரு சூடைத் தலை இருக்கும்போது பக்கத்தில் போனால் உறுமுவான். என் மச்சான், "உறுமுறப்பவே ரெண்டு போடு, சரியாயிரும்" என்றான். நல்ல வேளை கேட்கவில்லை. உறுமலை அடித்து நிறுத்தினால் உறுமாமல் கடிக்கிற நாய்தான் மிஞ்சும். அவனிடம் இருப்பதைவிட நல்லதாக ஒன்றைத் தூரத்தில் போட்டுப் போட்டு, நாம் பக்கத்தில் வந்தால் கிடைக்கும், பறிபோகாது என்று பழக்கினேன். அதற்கே ஒரு மழைக்காலம் போயிற்று.

இன்னொன்று, இது கடற்கரையில் எடுக்கிறவர்களுக்கு மட்டும். வலையில் வருகிற பேத்தையை, அதான் பலூன் போல உப்புகிற விஷ மீனை, கரையில் வீசிவிட்டுப் போகிறோம் இல்லையா, அதைத் தின்ற நாய் பிழைப்பது கஷ்டம். காய்ந்தாலும் வெந்தாலும் அந்த விஷம் போகாது. பசியில் வளர்ந்த நாய்க்குக் கண்டதையும் விழுங்குகிற பழக்கம் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஓடாது, துறையில் கழிவு மீன் கிடைக்காமல் தெருநாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் புதிதாக எடுத்த நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.

தொண்டியிலிருந்து:

எதுக்கண்ணே இந்த வம்பு? நம்ம மாவட்டத்து நாட்டு இனமான மண்டை நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வளர்த்தால் குட்டியிலிருந்தே நம்ம சொல்படி இருக்குமே.

உச்சிப்புளியிலிருந்து:

தம்பி, குட்டி வாங்குவதென்றால் இங்கே வந்து கேட்டிருக்கவே மாட்டேன்.

கீழக்கரையிலிருந்து:

நாங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதைச் சொல்கிறவர்கள் குறைவு, அதனால் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. காவலுக்கு நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் தடையில்லை. ஆனால் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றுகிற ஷாஃபி சட்டப்பிரிவின் வழக்கம். உம்மா ஐந்து வேளையும் தொழுகிறவர். வீட்டுக்குள் நாய் வராது என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். தோப்பில் இருக்கட்டும் என்று காப்பகத்தில் ஒரு பெண் நாயைப் பார்த்தோம். அதை யாரோ பூட்டிய வீட்டுக்குள் விட்டுவிட்டு ஊரைக் காலி செய்து போயிருக்கிறார்கள். ஆள் கண்ணில் படாவிட்டால் கதவைப் பிராண்டி நகம் பெயர்ந்துவிடுமாம்.

வாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ராத்திரி தோப்புல அது யாரைப் பாத்துட்டுப் படுக்கும்?" காவல்காரரோ பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போய்விடுவார். தனிமைக்குப் பயந்த நாயைக் கொண்டுவந்து தனிமையிலேயே கட்டுவதா? விட்டுவிட்டோம். எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை, அது வேறு கதை.

தேவிபட்டினத்திலிருந்து:

நான் எடுத்துத் திருப்பிக் கொடுத்தவள். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

நாங்கள் எடுத்த இடத்தில் 'சாதுவான நாய், ஒரு பிரச்சினையும் இல்லை' என்றார்கள். அதற்கு முன்பு இரண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பதினெட்டாவது நாள் என் அக்கா மகன் தூங்குகிற நாயின் மேல் விழுந்தான். முன்கையில் கடி, பல் பதிந்து ரத்தம். குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். அக்காவின் மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு ஓடி வந்தார், கையைப் பிடித்து நிறுத்தினேன். அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி ஒரு ஊசி போட்டார்கள். தடுப்பூசி அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28 ஆம் நாள்களில். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் பத்து நாள் அதைக் கவனிக்கச் சொன்னார்கள். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

நாயின் மேல் எனக்குக் கோபமே இல்லை. சொல்லியிருந்தால், தூங்கும்போது தொடக்கூடாத நாய் என்று மட்டும் சொல்லியிருந்தால், பிள்ளைகள் வந்துபோகிற வீட்டுக்கு அதைக் கொண்டு வந்திருக்கவே மாட்டேன். அண்ணன் பார்த்த இடத்தில் 'கடிக்கும்' என்று எழுதியாவது வைத்திருக்கிறார்களே. யாரை, எப்போது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, கடித்ததும் விட்டதா, பிடித்துக் குதறியதா என்று தோண்டிக் கேளுங்கள்.

இராமேஸ்வரத்திலிருந்து:

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

நாய்க்குப் பழைய கதை என்று ஒன்று நமக்குச் சொல்லப்படுகிறதே, அதில் பாதி ஊகமாக இருக்கும். கம்புக்குப் பயந்த நாயெல்லாம் அடி வாங்கிய நாய் என்றில்லை. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம் வரைக்கும் குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகவில்லையோ, அதையெல்லாம் ஆயுளுக்கும் சந்தேகத்தோடு பார்க்கலாம். அதனால் கதையைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். பயப்படுகிற நாய் கடிப்பதற்கு முன் பேசும். தலையைத் திருப்பும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், தின்ன எதுவும் இல்லாமல் உதட்டை நக்கும், வாலை இடுக்கும், உடம்பு விறைக்கும். கூண்டுக்குள் அதற்கு ஒதுங்க இடமில்லை, அதனால்தான் விளக்குமாற்றுக்காரருக்குக் கடி விழுந்திருக்கும். ஒதுங்க இடம் கொடுத்தால் என்ன செய்கிறான் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. அம்மாவையும் ஊன்றுகோலையும் கூட்டிப் போங்கள். திறந்த இடத்தில், கழுத்தில் வார் கட்டி, தூரத்தில் வைத்துப் பாருங்கள். மகள் வேண்டாம்.

எடுப்பதென்றால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்துவிடுங்கள். அப்புறம் தனுஷ்கோடிப் பக்கம் கூட்டி வந்தால் வாரை விடாதீர்கள், பங்குனி ஆமை என்கிற கடலாமை கரையில் முட்டையிடும் மாதங்களில் நாய் தோண்டினால் ஒரு குழி முட்டையும் போச்சு.

உச்சிப்புளியிலிருந்து:

போய் வந்துவிட்டோம். ஐயா சொன்னபடியே செய்தோம்.

வேப்பமரத்தடியில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தோம். கோலை நாற்காலிக்குப் பின்னால் தரையில் போட்டாயிற்று. பத்தடி தள்ளி அவன் படுத்தான். அம்மா அவனைப் பார்க்கவே இல்லை, அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் ரேஷன் கடைப் பருப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் அவன் தானாக எழுந்து வந்து அம்மாவின் செருப்பை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தான். எனக்குத் தொண்டை அடைத்தது.

கிளம்பும்போது அம்மா குனிந்து கோலை எடுத்தார். அவ்வளவுதான். வார் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போய், சுவரோடு ஒட்டி நின்று நடுங்கினான். உறுமவில்லை, பாயவில்லை. காலடியில் மூத்திரம் போய்விட்டது. அம்மா கோலை மறுபடி கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டே வாசல் வரைக்கும் நடந்தார்.

ரயிலில் பரமக்குடி தாண்டும்வரை யாரும் பேசவில்லை. அப்புறம் அம்மாதான் சொன்னார்: "நம்ம வீட்டுல அவன் தினம் எத்தனை தடவை அப்படி நிக்கணும்டா?"

எடுக்கவில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் மட்டும் செய்தோம். பார்த்ததைச் சொன்னதும், அட்டையில் சிவப்பு எழுத்துக்குக் கீழே 'கம்பைக் கண்டால் ஒதுங்குவான், இடம் கொடுத்தால் கடிக்க வரவில்லை, கோல் ஊன்றுகிறவர்களும் சிறு பிள்ளைகளும் இல்லாத வீடு' என்று நீல மையில் எழுதினார்கள்.

பாம்பனிலிருந்து:

எங்கள் வீட்டில் நானும் அவளும்தான். கோல் ஊன்ற இன்னும் வயசு இருக்கிறது. ஆனால் துடுப்பும் மூங்கிலும் திண்ணை நிறையக் கிடக்கே, என்ன செய்ய? ஏற்கெனவே இருக்கிறவன் இவனை ஏற்றுக்கொள்வானா என்றும் பார்க்கணும். விலாசத்தைத் தனியாக அனுப்புங்கண்ணே, போய்ப் பார்த்துவிட்டாவது வருகிறேன்.

உச்சிப்புளியிலிருந்து:

அனுப்பியிருக்கிறேன். போனால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள், அவன் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறான்.

அம்மா நேற்று, கோலுக்குப் பதிலாகக் குடையை ஊன்றிக்கொண்டு ஒரு தரம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். குடையும் கம்புதானே அம்மா என்றேன். அதற்குப் பதில் சொல்லாமல், ராமநாதபுரத்தில் வாக்கர் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.