ஹவாய் அவுட்ரிகர் படகு (பக்க மிதவை கட்டிய துடுப்புப் படகு) ஓட்டியவர்கள், ஹூலி, அதாவது படகு கவிழ்வது பற்றிச் சொல்லுங்கள்

முதல் இருக்கை:
புதிதாக ஏறுபவர்களுக்கு ஒரே பாடம்: எடை இடப்பக்கம். அமா என்ற பக்க மிதவை இடப்பக்கம் மட்டும்தான்; வலப்பக்கம் தாங்க ஒன்றுமே கிடையாது. 12–15 வீச்சுக்கு ஒருமுறை குரல் கேட்டுத் துடுப்பு பக்கம் மாறும். அந்த நொடியில் இரண்டு பேர் வலப்பக்கம் சாய்ந்து, இடமிருந்து அலையும் வந்தால் அமா தூக்கிக்கொள்ளும், படகு கவிழும். அதுதான் ஹூலி.

கட்டு_முக்கியம்:
சாய்வை மட்டும் குறை சொல்லாதீர்கள், கயிறு கட்டியிருக்கும் விதத்தையும் பாருங்கள். அமாவைப் படகோடு சேர்ப்பவை இயாக்கோ என்ற இரண்டு குறுக்குக் கழிகள். அவற்றை போல்ட் போட்டு முடுக்காமல் கயிற்றால் கட்டுவது பழமைப் பற்றால் மட்டுமல்ல. அலையில் படகும் அமாவும் ஒரே நேரத்தில் எழுவதில்லை. இணைப்பு நெளிந்து கொடுக்காவிட்டால் கழி முறியும், இல்லை படகின் விளிம்பு பிளக்கும். அன்று தென்னை நார்க் கயிறு, இன்று பருத்திக் கயிறோ ரப்பர் பட்டையோ. சுற்றுகள் ஒட்டி ஒட்டி விழணும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால், கடலில் அது நழுவி இறங்கும்போது மொத்தக் கட்டும் தொளதொளவென்று ஆகிவிடும். கரையிலேயே அமாவை மேலும் கீழும் ஆட்டுங்கள். கிறீச்சென்றால் அவிழ்த்துக் கட்டுங்கள்.

மரவேலை:
பழைய படகில் மரத்தேர்வே பாதி வேலை. உடலுக்குக் கோவா, கழிக்கு ஹாவ், அமாவுக்கு விலிவிலி. இந்த விலிவிலி நம் கல்யாண முருங்கைக்குச் சொந்தக்கார மரம், தக்கை மாதிரி லேசு. எலெபாயோ குருவி கோவா அடிமரத்தைக் கொத்தினால் அந்த மரத்தை விட்டுவிடுவார்கள். கொத்துகிறது என்றால் உள்ளே பூச்சி அரித்திருக்கிறது என்று கணக்கு.

ஆறாம் இருக்கை:
கவிழ்ந்தபின் செய்வது. முதலில் தலை எண்ணுங்கள், ஆறு வரணும். படகை விட்டு யாரும் நீந்தக் கூடாது. ஒருவர் துடுப்புகளையும் நீர் இறைக்கும் வாளியையும் சேர்த்துப் பிடிக்கணும். இரண்டு பேர் கவிழ்ந்த உடல்மேல் ஏறி, ஆளுக்கொரு இயாக்கோவைப் பிடித்து, அமாவுக்கு எதிர்ப்பக்கமாகப் பின்னால் சாயணும். மற்றவர்கள் அமாவைக் கீழிருந்து தூக்கணும். அமா தலைக்கு மேலாகச் சுற்றி வந்து தண்ணீரில் அறையும். அது விழும் இடத்தில் தலை இருக்கக் கூடாது. நிமிர்ந்ததும் எல்லாரும் ஒரேயடியாக ஏறினால் மறுபடி ஹூலிதான். இரண்டு பேர் மட்டும் ஏறி இறைக்கட்டும், மற்றவர்கள் படகைப் பிடித்து, அதன் மூக்கை அலைக்கு நேராக வைத்திருக்கட்டும்.

முதல் இருக்கை:
மொலோக்காய் தீவிலிருந்து ஓவாஹூ தீவுக்கு, 1952-இல் தொடங்கிய மொலோக்காய் ஹோ போட்டியில் கைவி கால்வாயைக் கடப்பவர்கள் படகின் மேல் துணியே கட்டிவிடுவார்கள். அலை உள்ளே கொட்டாது. ஆனால் ஹூலி ஆனால் அந்தத் துணியைத் திறந்துதான் இறைக்க முடியும். அதையும் கரையில் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.