நொதிவழிக் காழ்மப் பிரிப்பு: 'நீக்கம்' ஏன் வேண்டாம்?

நண்பர்களுக்கு வணக்கம். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை நொதிகளின் (என்சைம்) உதவியால் பிரித்தெடுக்கும் முறைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். தலைப்பில் உள்ளது என் பரிந்துரை. அதற்கு வந்த கேள்வி இது:

> 'நொதிவழி லிக்னின் நீக்கம்' என்று வைத்தால் போதாதா?

போதாது, ஐயா. நீக்கம் என்பது காகித ஆலைக்குப் பொருந்தும் சொல். அங்கே மரச்சீவலைக் காரக் கரைசலில் இட்டு ஏறத்தாழ 170 பாகை செல்சியஸில் வேகவைக்கிறார்கள். நார்தான் வேண்டும், லிக்னின் கறுப்புக் குழம்பில் கரைந்துபோய்க் கொதிகலனில் எரிகிறது. நொதிக்கு 50 பாகையே போதும். நாரோடு லிக்னினைப் பிணைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸை சைலனேஸ் என்ற நொதி வெட்டித் தளர்த்துகிறது. லிக்னின் அதிகம் சிதையாமல் கிடைத்தால் பிளைவுட் பசைக்கும் கார்பன் இழைக்கும் உதவும். பயன்படுத்தப்போகிற பொருளை 'நீக்கினோம்' என்று எப்படி எழுதுவது? தயிரைக் கடைந்தால் வெண்ணெயும் மோரும் கிடைக்கின்றன. அதை மோர் நீக்கம் என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே, பிரிப்பு.

அடுத்தது, லிக்னினுக்கான சொல். அடையாற்றில் எங்கள் தெருமுனையில், போன மழையில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் அடித்துண்டு ஒன்று கிடக்கிறது. நேற்று அதை விரலால் அழுத்தினேன். நனைந்த பஞ்சுபோல வெள்ளை வெள்ளையாய் இழை பிரிந்து வந்தது. வெண்ணழுகல் பூஞ்சையின் வேலை அது. தன் நொதிகளால் லிக்னினைச் சிதைத்துவிட்டு நாரைப் பெரும்பாலும் விட்டுவைத்திருக்கிறது. மரத்தைவிட்டுப் போனது அதன் உறுதி.

அந்த உறுதிக்குத் தமிழில் பெயர் உண்டு: காழ். அகக்காழ் (உள்ளே உறுதி) உடையது மரம், புறக்காழ் (வெளியே உறுதி) உடையது புல் என்று தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் மூங்கிலும் புல். தேக்கின் உள்ளேயும் லிக்னின் உண்டு, பனையின் புறக்காழிலும் உண்டு. வயிரம், சேகு என்று வைத்தால் மரத்தின் நடுப்பகுதியோடு பொருள் நின்றுவிடும். காழ் இரண்டையும் அணைத்துக்கொள்கிறது.

சென்ற வாரம் இங்கே முன்வைக்கப்பட்ட 'காழியம்' என்ற சொல் உலோகப் பெயர்போல் ஒலிக்கிறது, சீர்காழியையும் நினைவூட்டுகிறது. கனிமம், கரிமம் வழியில் 'காழ்மம்' என்பதே என் தேர்வு. காழ்ப்புணர்ச்சி குறுக்கே வரும் என்று நம் குழுவில் ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். காழ்த்தல் என்றால் முற்றி இறுகுதல்; மரத்தைப் பற்றிய வாக்கியத்தில் அந்தப் பொருள்தான் முன்னே நிற்கும்.

மாணவர் இதழுக்கான கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். முதல் இடத்தில் 'காழ்மம் எனும் லிக்னின்' என்றும், பிறகு காழ்மம் என்றும் எழுதப்போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். ஹெமிசெல்லுலோஸுக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை, யாரிடமாவது இருக்கிறதா?