குளக்கரைக் குறிப்புகளை எப்படி எழுதுவது? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒன்றரை வருடமாக வாரம் ஒருமுறை பக்கத்துக் குளக்கரைக்குப் போய், பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதி வருகிறேன். போன வருடக் குறிப்பைப் புரட்டினால் “மரம் துளிர்த்தது” என்று மட்டும் இருக்கிறது. எந்த மரம், எத்தனை கிளை? எதையும் ஒப்பிட முடியவில்லை, மனசு வலித்தது.

இப்போது மூன்று மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மொட்டு, கொழுந்து, பூ, காய், இலையுதிர்வு எனத் தனித்தனியாகக் குறிக்கிறேன். பாதி இலை உதிர்ந்ததைக் கண்ணளவிலேயே எழுதலாமா, அல்லது ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பது நல்லதா?

அப்புறம் பறவைகள். வழக்கமாக வரும் பறவை ஒருநாள் வராவிட்டால் அதையும் பதிய வேண்டுமா? பறவைப் பட்டியலைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் நேரம், நடந்த தூரம், எண்ணிக்கை எல்லாம் கேட்கிறார்கள். நோட்டிலும் அப்படியே எழுதுகிறீர்களா?

இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் 1736-ல் தொடங்கிய வசந்தகாலக் குறிப்புகளை அவர் குடும்பம் 1958 வரை தொடர்ந்தது. என் குறிப்பும் பிற்பாடு யாருக்காவது பயன்பட வேண்டும் என்று ரொம்ப ஆசை. பல வருடம் எழுதியவர்கள் உங்கள் நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட முடியுமா? கூடு இருக்கும் இடம் மட்டும் அதில் தெரிய வேண்டாம்.