லிஃப்ட் செய்த வி-கிராஸில் உள்பக்க ஆக்சில் பூட் கிரீஸ் கக்குகிறது, ரப்பர் கிழியவில்லை

தில்லைவிளாகத்தான்:

வண்டி இசுசு வி-கிராஸ், 2017 மாடல், நான் இரண்டாவது ஓனர். கஜா புயலில் அப்பாவின் தென்னந்தோப்பு மொத்தமாகப் படுத்துவிட்ட பிறகு இறால் குட்டைக்கு மாறினோம். தீவன மூட்டை, ஏரேட்டர் மோட்டார், டீசல் கேன் எல்லாம் இதன் முதுகில்தான் போகிறது. தொண்டியக்காடு பக்கம் இருக்கிறது குட்டை. போகிற வழி வாய்க்கால் கரை. சம்பா அறுப்பு சமயத்தில் டிராக்டர் டிரெய்லர்கள் நெல்லோடு போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, நடுவில் மேடு நின்றுவிட்டது. அந்த மேட்டில் வயிறு தட்டுகிறதே என்றுதான் போன மாசியில் முன்பக்கத்தை இரண்டரை அங்குலம் தூக்கினேன். ஷாக் அப்சார்பர் தலைக்கு மேல் ஸ்பேசர், அதாவது உயரம் கூட்டும் கட்டை, வைத்தார்கள். எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்காதீர்கள், நான்தான் தூக்கச் சொன்னேன்.

இப்போது புரட்டாசி. போன வாரம் டயரைக் கழற்றியபோது பார்த்தால், இடது பக்கம் லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு பிடிக்கும் கீழ்க்கை), ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்று, சேசிஸ் ஓரம் எல்லாம் யாரோ மைக்கூட்டை உதறியதுபோல் கறுப்பு கறுப்பாகத் தெறித்திருக்கிறது. ஆக்சில் முனை ஜாயின்டை மூடி உள்ளே கிரீஸைக் காக்கும் ரப்பர் உறைதான் பூட். சக்கரத்துப் பக்கப் பூட் சுத்தமாக இருக்கிறது. கசிவது கிரவுன் (இரண்டு ஆக்சிலையும் சுழற்றும் நடுப் பல்சக்கரப் பெட்டி) பக்கம் இருக்கும் உள்பூட்தான். துணியால் துடைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு மடிப்பாக விரலால் பிரித்துப் பார்த்துவிட்டேன். கிழிசலும் இல்லை, வெடிப்பும் இல்லை. கீழ்ப்பக்க மடிப்புகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, மேல்பக்கம் விரிந்து கிடக்கிறது. பாதி இழுத்த ஆர்மோனியத் துருத்தி மாதிரி. பூட்டின் குறுகலான கழுத்து, அதாவது ஷாஃப்டை (ஆக்சில் தண்டை) கவ்விப் பிடிக்கும் சின்ன கிளாம்ப் இருக்கும் இடம், அங்கேதான் கிரீஸ் வளையமாகக் கசிகிறது.

ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தாலும் டக் டக் சத்தம் இல்லை. வேகம் எடுக்கும்போது உதறலும் இல்லை. மெக்கானிக் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ஆக்சில் ரெண்டையும் மாத்திடு தம்பி." அவர் சொன்ன தொகைக்குக் கன்றோடு ஒரு கறவை மாடு பிடித்துவிடலாம். ஐப்பசி மழை வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கிளாம்பை மட்டும் மாற்றினால் நிற்குமா?

கோரையாறு:

எனக்கும் இதே கதைதான், வேறு வண்டி. அகலமான கேபிள் டை இரண்டை வாங்கி, கழுத்தில் போட்டு பிளேயரால் இழுத்துவிட்டேன். நாலு மாதமாக ஓடுகிறது. ஆக்சிலெல்லாம் மாற்ற வேண்டாம் நண்பரே.

மன்னை மெக்கானிக்:

கேபிள் டை போட்டு ஓடுகிறது என்றால் அதற்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒரு நாள் திறந்து பாருங்கள் கோரையாறு. பிளாஸ்டிக் சூட்டில் இளகும். அதைவிட, டையின் பூட்டு இருக்கும் இடத்தில் வளையம் வட்டமாக இறுகாது, ஓரத்தில் ஒரு சின்னச் சந்து நிற்கும். குழாய்க்குப் போடுகிற ஸ்க்ரூ கிளாம்பும் அப்படித்தான். அதன் தலை சுற்றும்போது எங்கேயாவது தட்டி அறுக்கவும் செய்யும்.

தில்லைவிளாகத்தான் தம்பிக்கு: ரப்பர் கிழியவில்லை, சத்தம் இல்லை என்றால் ஆக்சிலுக்கு ஆயுசு இருக்கிறது. இது ஏன் வந்தது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியில் முன் கிரவுன் சேசிஸோடு பிடித்திருக்கிறது. சேசிஸைத் தூக்கினால் அதுவும் கூடவே ஏறிவிடும், சக்கரம் மட்டும் தரையில் நிற்கும். அதனால் ஷாஃப்ட் கிரவுனிலிருந்து சக்கரத்தை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. உள்பூட்டின் கழுத்து இப்போது சரிவின் தாழ்ந்த பக்கம். ஓட்டத்தில் கிரீஸ் சூடாகி இளகினால் வந்து நிற்கிற இடம் அந்தக் கழுத்துதான். கோணம் கூடியதில் ரப்பரை மேல்பக்கம் இழுப்பதும் கீழ்ப்பக்கம் நெருக்குவதுமாக ஒவ்வொரு சுற்றுக்கும் கழுத்து நகர்ந்து நகர்ந்து, கிளாம்பின் பிடி தளர்ந்திருக்கும். டூ வீலில் ஓட்டினாலும் இந்த ஷாஃப்ட் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஃபோர் வீல் போட்டால்தான் தேயும் என்று நினைக்காதீர்கள். பழைய மகிந்திரா மேஜர் ஜீப்புக்கு இந்த நோயே கிடையாது. அதில் முன் கிரவுனும் கட்டை ஆக்சிலும் ஒரே துண்டு, எவ்வளவு தூக்கினாலும் கிரவுன் கீழேயே கிடக்கும்.

இன்னொன்று. ஷாக் தலைக்கு மேல் ஸ்பேசர் வைத்தால், ஷாக்கின் கால் லோயர் ஆர்முக்கு நடுவாந்திரத்தில் உட்காருவதால், மேலே வைக்கும் ஒரு அங்குலம் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டாகத் தெரியும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதும் கம்பெனி அளவைத் தாண்டிக் கீழே இறங்கும். உங்கள் கரையில் ஒரு சக்கரம் தடத்தில் இறங்கித் தொங்கும் ஒவ்வொரு தடவையும் பூட் படாத பாடு படுகிறது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கசிவது கிரீஸ்தானா என்று பாருங்கள். கிரவுன் ஆயில் சீல் போயிருந்தால் வருவது தண்ணீர் மாதிரி ஓடும், மூக்கில் அடிக்கும் நாற்றம் இருக்கும். அது வேறு வேலை. கிரீஸ்தான் என்றால், விரலில் ஒரு துளி எடுத்துத் தேயுங்கள். கறுப்பாக இருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம், மாலிப்டினம் கலந்த கிரீஸ் அந்த நிறம்தான். நறநறவென்று மண் தட்டுப்படுகிறதா, அல்லது மோர் மாதிரி வெளுத்திருக்கிறதா, அதுதான் கேள்வி. மண் இருந்தால் கிளாம்போடு முடியாது. ஷாஃப்டை வெளியே எடுத்து, ஜாயின்டைப் பிரித்து, கழுவி, புது பூட், புது கிரீஸ் போட வேண்டும். வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஓடிச் சூடான ஜாயின்ட் வாய்க்கால் தண்ணீரில் சட்டென்று இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, தளர்ந்த கழுத்து வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். உங்கள் பக்கம் உவர்த் தண்ணீர் வேறு, ஒரு மழைக்காலத்தில் ஜாயின்டுக்குள் குழி விழுந்துவிடும்.

இரண்டும் இல்லை என்றால் வண்டியிலேயே வைத்துச் செய்யலாம். பழைய கிளாம்பை வெட்டி எடுங்கள். ஷாஃப்டில் கீறல் விழக்கூடாது. கழுத்தைப் பின்னுக்குத் தள்ளி, கழுத்தின் உட்பக்கத்தையும் ஷாஃப்டையும் பிரேக் கிளீனர் போட்டு, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரைக்கும் துடையுங்கள். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். வழுவழுப்பு மிச்சம் இருந்தால் எந்தக் கிளாம்பும் நிற்காது. வெளியே போன அளவுக்குக் கிரீஸ் உள்ளே விடுங்கள். இந்த ஜாயின்டுக்கென்று விற்கிற சிவி ஜாயின்ட் கிரீஸ் வேண்டும். வீல் பேரிங் கிரீஸை அடைக்காதீர்கள்.

அப்புறம் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்குச் சக்கரத்தைக் கொண்டு வாருங்கள். தொங்கவிட்ட நிலையில் கிளாம்ப் போட்டால் பூட் தப்பான நீளத்தில் மாட்டிக்கொள்ளும். கழுத்துக்குள் மழுங்கின ஸ்க்ரூ டிரைவரை நுழைத்துக் காற்றை விடுங்கள், புஸ் என்று சத்தம் வரும். காற்றை விடாமல் இறுக்கினால் பூட் ஊதிக்கொள்ளும், இல்லையென்றால் பல் போன கிழவர் கன்னம் மாதிரி உள்ளே ஒட்டிக்கொண்டு தானே உரசித் தேயும். கிளாம்ப் எவர்சில்வரில் வாங்குங்கள், நடுவில் காது மாதிரி புடைத்திருக்கும் வகை. அந்தக் காதை நசுக்கத் தனிக் கருவி உண்டு. கிடைக்காவிட்டால் ஆசாரி ஆணி பிடுங்கும் குறடு போதும், மழுங்கியதாகப் பாருங்கள். கட்டிங் பிளேயர் காதை வெட்டிவிடும்.

கடைசியாக ஒன்று. அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு இல்லையா, இரண்டு பனங்கட்டையாவது சேசிஸுக்கு அடியில் கொடுங்கள். நம் மண் ஈரத்தில் ஜாக்கியை முழுங்கும்.

குடந்தை தார்:

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் மகிந்திரா தார் ஜீப் 2 அங்குலம் தூக்கியது. அதே கசிவு, இரண்டு தடவை கிளாம்ப் மாற்றியும் வந்தது. மூன்றாவது தடவை கழுத்தை ஷாஃப்டில் ஒரு விரற்கடை வெளிப்பக்கம் தள்ளி வைத்து இறுக்கினேன். மடிப்புகள் பிரிந்து நின்றன, ஒன்றோடொன்று உரசவில்லை. பத்து மாதமாக உலர்ந்திருக்கிறது.

கிரவுனைக் கீழே இறக்க ஸ்பேசர் விற்கிறார்கள், கோணம் குறையும். ஆனால் வயிறு தட்டுகிறது என்று தூக்கிய வண்டியில் வயிற்றையே கீழே இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மன்னை மெக்கானிக்:

ஷாஃப்டில் கழுத்துக்கென்று பள்ளம் வெட்டி விட்டிருக்கிறான். அதை விட்டு நகர்த்தினால் வழுக்கையான இடத்தில் கிளாம்பின் இறுக்கம் ஒன்றை மட்டும் நம்ப வேண்டும். உங்களுக்கு நின்றிருக்கிறது, சந்தோஷம். என் கையால் அப்படிச் செய்து அனுப்ப மாட்டேன். முதலில் உயரத்தைக் குறைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

வேதாரண்யம் உப்பளம்:

சட்டத்தையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த அளவுகளை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் ஸ்பேசரைத்தான் படம் எடுப்பார். எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை, தெரிந்து ஓட்டுங்கள் என்கிறேன்.

அது போக, ரோட்டில் நெல் காயப்போடும் இடங்களில் வைக்கோல் மேல் ஏற்றி ஓட்டுவீர்களா? ஷாஃப்டில் வைக்கோல் சுற்றி, பிரிபோல் முறுக்கி, பூட் கழுத்தை அறுத்து வைத்ததை என் வண்டியில் பார்த்திருக்கிறேன். எலியும் கடிக்கும். வயல் எலிக்கு ரப்பர் என்றால் அவ்வளவு பிரியம்.

தில்லைவிளாகத்தான்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஒரு குட்டையில் அறுவடை, அப்புறம் மழை.

மெக்கானிக் அண்ணே, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். கிளாம்பை வெட்டவே வேண்டியிருக்கவில்லை, நகத்தால் தள்ளியதும் சுற்றியது. கழுத்து பள்ளத்தை விட்டு ஒரு விரல் அகலம் கிரவுன் பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தது. உப்பளத்தார் சொன்னது சரிதான். ஷாஃப்டில் வைக்கோல் பிரி ஒன்று சேறோடு காய்ந்து, மோதிரம் மாதிரி இறுகியிருந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தேன். கழுத்தை நகர்த்தியது அதுவா, கோணமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிரீஸில் மண் இல்லை, வெளுப்பும் இல்லை. துடைப்பதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது, பழைய வேட்டி ஒன்று போயிற்று. காற்றை விட்டபோது நிஜமாகவே புஸ் என்றது. பக்கத்தில் நின்ற அப்பா டயர் பஞ்சர் என்று நினைத்து எழுந்துவிட்டார்.

குடந்தை நண்பரே, பள்ளத்திலேயே வைத்துத்தான் இறுக்கினேன். ஆனால் ஸ்பேசரை மெல்லியதாக மாற்றிவிட்டேன். இப்போது தூக்கல் ஒன்றேகால் அங்குலம்தான், மறுபடி வீல் அலைன்மென்டும் பார்த்தாயிற்று. மடிப்புகள் பிரிந்து நிற்கின்றன. வயிறு தட்டுவதற்கு வேறு வழி செய்தோம். கரையில் குட்டை வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து ஒரு காலை நேரம் ஜேசிபி வைத்து நடுமேட்டை வழித்துவிட்டோம். ஆளுக்கு வந்த பங்கு என் ஸ்பேசர் விலையைவிடக் குறைவு. மாசியிலேயே தோன்றியிருக்கலாம்.

இடது பக்கம் இருபது நாளாக உலர்ந்திருக்கிறது. நேற்று வலது பக்கம் பார்த்தால் கழுத்தில் லேசாக ஈர வளையம். இன்னும் தெறிக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு கிளாம்ப்தானா?

மன்னை மெக்கானிக்:

நம்பி வாங்காதீர்கள் தம்பி. கழுத்து பள்ளத்தில் உட்கார்ந்த நிலையில் அதன் மேல் ஒரு நூலைச் சுற்றி, நூலை அளந்து கொண்டு போங்கள். வைக்கோல் அந்தப் பக்கமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.