வெள்ளைச் சேலை, கறுத்த முகம்: வெளிச்சத்தை எப்படி அளப்பது?

சார்வோலை எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் படிக்கும் மாணவி. சனிக்கிழமைகளில் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறி, புங்குடுதீவில் இருக்கும் அம்மம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். 79 வயதிலும் அவர் விறாந்தையில் காலை நீட்டியிருந்து பனையோலைப் பெட்டி இழைக்கிறார். ஓலை வார்ந்து வார்ந்து வலது பெருவிரல் நகம் நடுவில் பிளந்து, அந்தப் பிளவுக்குள் ஓலைச்சாற்றின் கறை ஏறியிருக்கிறது. அந்தக் கையையும் முகத்தையும்தான் ஆறு மாதமாகப் படம் எடுக்கிறேன்.

அம்மம்மா நல்ல கறுப்பு. உடுப்பது வெள்ளைச் சேலை. தள்ளி நின்று முழு உருவமாக எடுத்தால் முகம் கரியாகிவிடுகிறது. முகத்துக்கு அருகே போனால் தோல் சாம்பல் பூசியதுபோல் வெளிறிவிடுகிறது. ஒரே விறாந்தை, ஒரே நேரம், ஒரே கமரா.

போன மாதம் ஒரு படத்தை ஸ்டூடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்துவிட்டார்கள். அம்மம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யார் பிள்ளை?" என்று கேட்டார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்டின் படங்களை அடிக்கடி பார்க்கிறேன். தோளில் ஒரு கோடு வெளிச்சம், மற்றதெல்லாம் நிழல். அந்த நிழலுக்குள்ளும் தசை தெரிகிறது. 1944இல் இறந்துபோன ஒருவருக்குக் கைவந்தது எனக்கு ஏன் வரவில்லை? முகத்துக்கு மிக அருகே போகும் துணிவை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் படங்களில் கற்றேன். அவர் 1875இல் இலங்கைக்கு வந்தபின் களுத்துறையில் எடுத்த படங்களில் முகங்கள் மிகவும் இருண்டிருக்கின்றன. எந்தக் கறுப்பு சரியான கறுப்பு?

கடலோரம் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கமராவில் பழுதில்லை. பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் கமராவுக்குள் இருக்கும் ஒளி மீட்டர் அளக்கிறது. படச் சட்டம் நிறைய வெள்ளைச் சேலை இருந்தால் அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கரியாகும். சட்டம் நிறையக் கறுத்த முகம் இருந்தால் அதையும் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டும், தோல் வெளிறும். நீங்கள் கண்ட இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை.

ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பொட் மீட்டரை வெயில் படாத கன்னத்தில் வைத்து அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டொப் (அதாவது பாதி வெளிச்சம்) குறையுங்கள். அந்த அளவை, கமரா தானாக மாற்றாத மனுவல் முறையில் பூட்டிவிட்டால் தள்ளி நின்றாலும் கிட்டப் போனாலும் மாறாது. கமரா திருத்தாத ரோ (RAW) கோப்பாக எடுங்கள். சேலையில் நேர்வெயில் விழுந்தால் எந்தக் கணக்கும் உதவாது. அம்மம்மாவின் பாயை இரண்டு முழம் உள்ளே இழுத்துப் போடுங்கள்.

இருட்டறை எழுதியது:

பிள்ளை, நான் பிலிம் கழுவிய காலத்து ஆள். கமரனின் படங்களை நிறத்துக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். மருந்து பூசிய கண்ணாடியான அவருடைய ஈரக் கொலோடியன் தகடு நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும், சிவப்பை அநேகமாக வாங்காது. மண்ணிறத் தோல் அதில் உள்ளதைவிடக் கறுப்பாகவே விழும். இன்று நிலைமை தலைகீழ். கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பைக் கூட்டினால் தோல் வெளுத்து, சுருக்கமெல்லாம் மறைந்துபோகும். அந்தப் பக்கம் கையே வைக்க வேண்டாம்.

வெண்டின் படத்தில் நீங்கள் கண்ட அந்தக் கோடுதான் விடை. கறுத்த தோலின் உருவத்தை அதன் மினுக்கம்தான் காட்டும். வெளிச்சம் முன்னால் இருந்து வந்தால் மினுக்கம் செத்துவிடும். யன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

இன்னொருவரையும் தேடிப் பாருங்கள்: ரோய் டிகராவா, 1919இல் நியூயோர்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். தன் கறுப்பின மக்களை எடுத்த படங்களை அவரே இருட்டறையில் ஆழ்ந்த சாம்பலாகவும் கறுப்பாகவும் அச்சிட்டார். அவற்றின் முன் கொஞ்ச நேரம் நின்றால்தான் முகங்கள் வெளியே வரும். அவசரப்படாத அந்த இருட்டில் மரியாதை இருக்கிறது.

பிரிண்ட் கொடுக்கும்போது "நிறம் திருத்த வேண்டாம்" என்று உறையின்மேல் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

சார்வோலை எழுதியது:

அண்ணா, ஐயா, இருவருக்கும் நன்றி. இந்தச் சனிக்கிழமை பாயை உள்ளே இழுத்தேன். அம்மம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, ஓலை தெரியவில்லை என்று முணுமுணுத்தார். அதனால் இடதுபக்க யன்னலை முழுதாகத் திறந்துவிட்டேன். அவருக்கும் ஓலை தெரிந்தது, எனக்கும் வெளிச்சம் கிடைத்தது. கன்னத்தில் அளந்து ஒரு ஸ்டொப் குறைத்தேன். நெற்றியில் ஒரு மினுக்கம், மூக்கின் ஓரத்தில் ஒன்று, நகத்தின் பிளவில் மெல்லிய ஒன்று. சேலையின் மடிப்புகளும் கலையவில்லை.

உறையின்மேல் எழுதிக் கொடுத்தே பிரிண்ட் எடுத்தேன். அம்மம்மா படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் மூலையில் விரலை வைத்து, "இந்த இடத்தில் ஓர் இழை பிழைத்துவிட்டது" என்றார்.